ராபர்ட் மோரிஸ் அமெரிக்கப் புரட்சிக்குச் சொந்தப் பணத்தைக் கொடுத்து ஏழையானாரா?

கேள்வி இதுதான்: "அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு ராபர்ட் மோரிஸ் என்ற வியாபாரி தன் சொத்து முழுவதையும் கொடுத்தாராம், நாடு அதைத் திருப்பித் தரவே இல்லையாம், கடைசியில் கடனாளிகள் சிறையில் கிடந்தாராம். இது உண்மையா?"

சிறைக்குப் போனது உண்மை. மூன்றரை வருடம் உள்ளே இருந்தார். ஆனால் நாட்டுக்குக் கொடுத்துக் கொடுத்து ஓட்டாண்டி ஆனவர் என்பது சரியல்ல. அவரைக் கவிழ்த்தது நிலம், அதாவது போர் முடிந்து பத்து வருடம் கழித்து அவர் இறங்கிய ரியல் எஸ்டேட் வியாபாரம். புரட்சிக்கு அவர் கொடுத்ததில் ரொக்கம் கொஞ்சம்தான். பெரும்பகுதி அவருடைய பெயர். "மோரிஸ் கையெழுத்துப் போட்டால் பணம் வரும்" என்று ஊர் நம்பியது, அந்த நம்பிக்கையை அவர் அரசாங்கத்துக்குக் கடனாகக் கொடுத்தார். ஒரு நாட்டைக் காப்பாற்றியதும் அந்த வித்தைதான், பிறகு அவரைக் குப்புறத் தள்ளியதும் அதே வித்தைதான். இதைப் புரிந்துகொள்ள அவர் எப்படி வியாபாரி ஆனார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1734ல் இங்கிலாந்தில் லிவர்பூலில் பிறந்தவர். அப்பா பெயரும் ராபர்ட் மோரிஸ்தான், லிவர்பூல் கம்பெனி ஒன்றின் புகையிலை ஏஜெண்டாக மேரிலாந்து காலனியில் ஆக்ஸ்ஃபோர்ட் என்ற சின்னத் துறைமுகத்தில் இருந்தார். பையன் 13 வயதில் அப்பாவிடம் கப்பலேறி வந்தான், வந்த கொஞ்ச நாளில் பிலடெல்பியாவுக்கு அனுப்பப்பட்டு சார்லஸ் வில்லிங் என்ற பெரிய வியாபாரியின் கணக்கறையில் வேலை கற்கச் சேர்ந்தான். 1750ல் அப்பா செத்துப்போனார். அதுவும் எப்படி என்றால், கப்பல் ஒன்று அவருக்கு மரியாதை செய்யப் பீரங்கி வெடித்தது, குண்டில்லாத வெடிதான், ஆனால் மருந்தை அடைக்க வைத்த திணிப்பு பறந்து வந்து கையில் பட்டது, காயம் புரையோடிப்போனது. பதினாறு வயதில் பையன் அனாதை.

சார்லஸ் வில்லிங் 1754ல் இறந்தபின் அவர் மகன் தாமஸ் வில்லிங் கடையை ஏற்றார். 1757ல் மோரிஸைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார். வில்லிங் பணக்காரக் குடும்பம், நிதானமான ஆள், மோரிஸ் துணிந்து இறங்குகிறவர், பேச்சும் கலகலப்பும் உள்ளவர். ஜோடி நன்றாகப் பொருந்தியது. மாவும் கோதுமையும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் தென் ஐரோப்பாவுக்கும் போகும், சர்க்கரையும் ஒயினும் துணியும் திரும்பி வரும். இந்த வியாபாரம் முழுக்க உண்டியலில் ஓடியது என்பதைக் கவனிக்க வேண்டும். காலனிகளில் வெள்ளிக் காசு எப்போதும் தட்டுப்பாடுதான், லண்டனில் உள்ள இன்னாருக்கு இத்தனை பவுண்டு கொடுக்கவும் என்று எழுதிய காகிதம் கைமாறிக் கைமாறிப் போகும். யார் எழுதிய காகிதம் என்பதுதான் அதன் மதிப்பு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பல புகழுரைகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. 1760களில் அந்தக் கம்பெனி ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளையும் இறக்கி விற்றது. மொத்த வியாபாரத்தில் அது சிறு பகுதிதான் என்பது கணக்குப் பார்ப்பவர்களின் சமாதானம். விற்கப்பட்டவர்களுக்கு அது சிறு பகுதி அல்ல.

1765ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் முத்திரைவரிச் சட்டம் கொண்டுவந்தபோது மோரிஸ் முதல்முறையாக அரசியலில் தலைகாட்டினார். பிரிட்டிஷ் சரக்கு வாங்க மாட்டோம் என்ற வியாபாரிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார், முத்திரைத்தாள் விநியோகிக்க நியமிக்கப்பட்ட ஜான் ஹியூஸ் வீட்டுக்குப் போய் அந்த வேலையைச் செய்ய மாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்கிய குழுவிலும் இருந்தார். ஆனால் புரட்சிக்காரர் என்று சொல்ல முடியாது. வியாபாரம் தடையில்லாமல் ஓட வேண்டும், வரி நம்மைக் கேட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான் அவர் கட்சி.

அதனால்தான் 1776 ஜூலையில் நடந்தது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட மோரிஸ், சுதந்திரத்துக்கு ஓட்டுப் போடவே இல்லை. காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் சபையில் ஜூலை 1ஆம் தேதி எதிர்த்து ஓட்டுப் போட்டார். மறுநாள் இறுதி வாக்கெடுப்பில் அவரும் ஜான் டிக்கின்சனும் இருக்கைக்கு வராமல் ஒதுங்கிக்கொண்டார்கள், அதனால் பென்சில்வேனியாவின் ஓட்டு மூன்றுக்கு இரண்டு என்று சுதந்திரத்தின் பக்கம் விழுந்தது. பங்காளி தாமஸ் வில்லிங் இரண்டு நாளும் எதிர்த்தே ஓட்டுப் போட்டார், அவரை மாகாணம் திரும்ப அனுப்பவில்லை. மோரிஸை அனுப்பியது. இன்னும் நேரம் வரவில்லை என்பது அவர் கருத்து. ஆனால் முடிவு எடுத்தாகிவிட்டது, நம் கருத்துப்படி நடக்கவில்லை என்பதற்காக விலகிப் போகிறவன் நல்ல குடிமகன் அல்ல என்று அந்த மாதமே ஒரு நண்பருக்கு எழுதினார். ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டார். அவரிடம் எனக்குப் பிடித்தது இதுதான். கொள்கை முழக்கம் கிடையாது, ஆனால் வேலை என்று வந்துவிட்டால் இறங்கிவிடுவார்.

வேலை எது என்றால் வெடிமருந்து வாங்குவது. காலனிகளில் துப்பாக்கி மருந்து மிகக் குறைவு, எல்லாம் வெளியிலிருந்து கள்ளத்தனமாகத்தான் வர வேண்டும். காங்கிரஸ் ரகசியக் கமிட்டி ஒன்றை அமைத்தது, சீக்கிரமே மோரிஸ் அதன் தலைவர் ஆனார். கப்பல், ஏஜெண்டு, உண்டியல், பொய்க் கப்பல் பத்திரம் எல்லாம் கையில் வைத்திருந்தவர் அவர்தான். இங்கேதான் அவர் வாழ்நாள் முழுக்கத் துரத்திய சிக்கலும் ஆரம்பம். அந்தக் கமிட்டி செலவழித்த பணத்தில் ஏறக்குறைய கால் பங்கு வில்லிங், மோரிஸ் கம்பெனிக்கே ஒப்பந்தமாகப் போனது. ஒரே கப்பலில் அரசாங்கச் சரக்கும் அவர் சொந்தச் சரக்கும் வரும். கப்பல் பிடிபட்டால் யார் சரக்கு போனது, கரை சேர்ந்தால் யார் சரக்கு வந்தது? இதற்குக் கணக்கு ஒழுங்காக இருந்தால் பரவாயில்லை, போர்க் குழப்பத்தில் அது இல்லை. பிரான்சில் நாண்ட் துறைமுகத்தில் அரசாங்கக் கப்பல் வேலைகளைப் பார்க்கத் தன் அப்பாவுக்கு இன்னொரு பெண்ணிடம் பிறந்த தம்பி தாமஸையே நியமித்தார். அப்பா இறந்த பின் இவரே வளர்த்து ஆளாக்கிய பையன். அவன் குடியில் மூழ்கிக் கணக்கைக் கெடுத்து 1778ல் செத்துப்போனான். பாரிஸில் காங்கிரஸின் தூதர்களாக இருந்த பிராங்க்ளினும் டீனும் முன்பே எச்சரித்து எழுதியும் மோரிஸ் முதலில் நம்பவில்லை, அவர்கள் மேல்தான் கோபப்பட்டார்.

அன்றைய வியாபாரிகள் எல்லாருமே அப்படித்தான் செய்தார்கள் என்பது உண்மை. கமிஷன் அடிப்படையில் அரசாங்க வேலை பார்ப்பது அன்று தவறாக எண்ணப்படவில்லை, அவர் இல்லாவிட்டால் மருந்து வந்திருக்காது என்பதும் உண்மை. ஆனாலும் புரட்சி எழுத்தாளர் தாமஸ் பெய்ன் பத்திரிகையில் கேட்ட கேள்வி நியாயமானது: பொறுப்பில் இருப்பவர் அதே பொறுப்போடு தனியார் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளலாமா? காங்கிரஸ் விசாரணையில் மோரிஸ் தப்பு செய்யவில்லை என்று தீர்ப்பு வந்தது. கேள்வி மட்டும் தீரவில்லை.

1776 டிசம்பர்தான் அவர் உண்மையில் யார் என்று காட்டிய மாதம். பிரிட்டிஷ் படை நெருங்குகிறது என்று காங்கிரஸ் மூட்டை கட்டிக்கொண்டு பால்டிமோருக்கு ஓடியது. மோரிஸ் பிலடெல்பியாவிலேயே இருந்தார். கூட இரண்டு பேர் பெயருக்கு இருந்தாலும் சில வாரங்களுக்கு அரசாங்கம் என்பது அநேகமாக அவர்தான். டிரென்டனில் ஜெயித்த படைத் தளபதி வாஷிங்டன் ஒற்றர்களுக்குக் கொடுக்க வெள்ளிக் காசு கேட்டார், காகிதப் பணத்தை ஒற்றன் வாங்க மாட்டான். மோரிஸ் கிடைத்ததைத் திரட்டி இரண்டு கித்தான் பைகளில் போட்டு அனுப்பினார்: 410 ஸ்பானிய டாலர், அதோடு பிரெஞ்சுக் காசும் இங்கிலீஷ் ஷில்லிங்குமாகக் கலந்து கட்டிய சில்லறை. ஒரு தேசத்தின் கஜானா அவ்வளவுதான். அடுத்த கடிதம் இன்னும் அவசரம். டிசம்பர் 31ஆம் தேதியோடு சிப்பாய்களின் ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் ஆறு வாரம் இருந்தால் ஆளுக்குப் பத்து டாலர் என்று வாஷிங்டன் வாக்குக் கொடுத்துவிட்டார், கையில் காசில்லை. புத்தாண்டு அன்று காலையில் மோரிஸ் 50,000 டாலர் காகிதப் பணம் அனுப்பினார். ஜனவரி 3ஆம் தேதி பிரின்ஸ்டன் சண்டை நடந்தது. சொந்தப் பணத்தைக் கொடுத்தார் என்ற கதை பெரும்பாலும் இந்த நாட்களிலிருந்துதான் கிளம்புகிறது. கடன் வாங்கிக் கொடுத்தார் என்பதே பொருத்தம். ஆனால் ஓடிப்போன அரசாங்கத்தின் பேரில் யார் கடன் கொடுப்பார்கள்? மோரிஸ் பேரில் கொடுத்தார்கள்.

அடுத்த சில வருடங்களில் அவர் மேலும் பணக்காரர் ஆனார். தனியார் போர்க்கப்பல்களில் பங்கு, புகையிலை, இறக்குமதி. அதே சமயம் காங்கிரஸ் அச்சடித்த காகிதப் பணம் 20 கோடி டாலரைத் தொட்டு மதிப்பிழந்தது, 1780ல் நாற்பதுக்கு ஒன்று என்று காங்கிரஸே ஒப்புக்கொண்டது. மாவு விலை ஏறியது. ஏழைகளின் கோபம் யார் மேல் திரும்பும்? 1779 அக்டோபர் 4ஆம் தேதி பிலடெல்பியா மிலிஷியா (குடிமக்கள் படை) வீரர்கள் ஊர்வலமாக வந்து வழக்கறிஞர் ஜேம்ஸ் வில்சன் வீட்டை முற்றுகையிட்டார்கள், உள்ளே துப்பாக்கியோடு இருந்தவர்களில் மோரிஸும் ஒருவர். இரு பக்கமும் சுட்டார்கள், சிலர் செத்தார்கள். விலைக்கட்டுப்பாடு வேண்டும் என்றவர்களுக்கும் சந்தையை விட்டுவிடு என்றவர்களுக்கும் நடந்த சண்டை அது. மோரிஸ் கடைசிவரை இரண்டாவது கட்சிதான்.

1781 பிப்ரவரியில் அதே ஆளைக் கூப்பிட்டு நிதி நிர்வாகி ஆக்கியது காங்கிரஸ், ஏனென்றால் வேறு வழியில்லை. ஜனவரியில்தான் பென்சில்வேனியா ரெஜிமெண்டுகள் சம்பளம் வராமல் கலகம் செய்திருந்தன. மோரிஸ் உடனே சரி என்று சொல்லவில்லை. என் சொந்த வியாபாரப் பங்குகளை விட மாட்டேன், பணத்தைக் கையாளும் எந்த அதிகாரியையும் நீக்க எனக்கு உரிமை வேண்டும் என்று நிபந்தனை போட்டார். காங்கிரஸ் இரண்டையும் ஒப்புக்கொண்டது. அவருக்குத் துணையாக வந்தவர் கவர்னர் மோரிஸ். கவர்னர் என்பது பதவியல்ல, அவர் பெயரே அது. மோரிஸ் என்ற பெயரில்தான் ஒற்றுமை, உறவு இல்லை.

யார்க்டவுன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அவர் செய்ததன் தன்மை அதில் தெரியும். 1781 ஆகஸ்டில் மோரிஸ் வாஷிங்டனின் முகாமுக்குப் போனது படைச் செலவை எப்படிக் குறைக்கலாம் என்று பேசத்தான். அங்கே இருக்கும்போதே செய்தி வந்தது: பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி டி கிராஸ் நியூயார்க்குக்கு வரவில்லை, தெற்கே செசபீக் விரிகுடாவுக்குப் போகிறார். உடனே திட்டம் மாறியது. ஆயிரக்கணக்கான வீரர்களை வர்ஜீனியாவுக்கு நகர்த்த வேண்டும், அதற்குப் படகு, மாவு, உப்புக் கறி, ரம், வைக்கோல் எல்லாம் வேண்டும். மோரிஸ் வியாபாரிகளுக்கும் மாநில அரசுகளுக்கும் கடிதமாக எழுதித் தள்ளினார், தன் பேரில் நோட்டு எழுதிக் கொடுத்தார்.

செப்டம்பர் ஆரம்பத்தில் படை பிலடெல்பியா தெருக்களில் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. வீரர்கள் முகத்தில் சிரிப்பில்லை. ஒரு மாதச் சம்பளமாவது, அதுவும் வெள்ளியாகக் கொடுத்தால்தான் தெற்கே வருவோம் என்ற முணுமுணுப்பு. வாஷிங்டன் மோரிஸுக்கு எழுதினார். மோரிஸ் கையில் வெள்ளி இல்லை. பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவைத் தேடிக் குதிரையில் கிளம்பினார், வழியிலேயே டி கிராஸ் வந்துவிட்டார் என்ற செய்தியோடு தூதன் எதிர்ப்பட்டான். பிரெஞ்சுப் படையின் பெட்டியிலிருந்து 20,000 டாலர் கடன், அக்டோபர் முதல் தேதி திருப்பித் தருவதாக வாக்கு. அந்தப் பணம் ஹெட் ஆஃப் எல்க் என்ற இடத்தில் வீரர்களுக்குக் கிடைத்தது. சம்பள அதிகாரி பீப்பாயின் மூடியை உடைத்துத் தரையில் உருட்டிவிட்டார், வெள்ளிக் காசுகள் எல்லார் கண்ணிலும் படும்படி சிதறின என்று அங்கே இருந்த ஒரு சிப்பாய் பின்னாளில் நினைவுகூர்ந்தார். சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் ஆறே முக்கால் டாலர்கூட இல்லை. வருடக்கணக்கில் காகிதத்தைத் தவிர எதையும் பார்க்காதவர்கள் அவர்கள். அக்டோபர் 19ஆம் தேதி யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் சரணடைந்தார். பிறகு இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து 1792ல் திப்புவின் மகன்களைப் பணயமாக வாங்கிக்கொண்டு போனாரே, அதே கார்ன்வாலிஸ்தான்.

பிரெஞ்சுக் கடனைத் திருப்பிக் கொடுக்க மோரிஸ் நம்பியதும் பிரெஞ்சுப் பணத்தைத்தான். தூதராகப் போன ஜான் லாரன்ஸ் பாரிஸிலிருந்து வாங்கி வந்த 25 லட்சம் லீவர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) வெள்ளி பாஸ்டனில் இறங்கியிருந்தது. அதை மாட்டுவண்டிகளில் ஏற்றிப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு பகுதியை வைத்துத்தான் மோரிஸ் நாட்டின் முதல் வங்கியைத் திறந்தார், 1782 ஜனவரியில், பழைய பங்காளி தாமஸ் வில்லிங் தலைவராக. மூலதனம் நான்கு லட்சம் டாலர் என்று திட்டம். பொதுமக்கள் போட்டது சொற்பம், அரசாங்கமே சுமார் இரண்டரை லட்சம் போட்டது. அப்புறம் அதே வங்கியிடம் அரசாங்கம் கடன் வாங்கியது. கேட்டால் கண்கட்டு வித்தை போல இருக்கும், ஆனால் வங்கி நோட்டை மக்கள் வாங்கினார்கள், அது செல்லுபடியாயிற்று.

இதற்கு மேல் மோரிஸ் தன் சொந்தப் பெயரில் நோட்டுகளை வெளியிட்டார். "மோரிஸ் நோட்டு" என்றே பெயர். சீக்கிரம் முதிர்பவை, தாமதமாக முதிர்பவை என்று இரண்டு வகை, ஜனங்கள் அவற்றைக் "குட்டை பாப்", "நெட்டை பாப்" என்று அழைத்தார்கள், ராபர்ட்டுக்குச் செல்லப்பெயர் பாப் அல்லவா. நம் ஊரில் அரசாங்கப் பத்திரத்தை வாங்க மறுக்கும் மண்டிக்காரர் தனக்குத் தெரிந்த செட்டியாரின் புரோநோட்டை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வது போலத்தான் இது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கையெழுத்தைவிட ஒரு பிலடெல்பியா வியாபாரியின் கையெழுத்துக்கு மதிப்பு அதிகமாக இருந்தது.

ஆனால் நோட்டு முதிரும் நாளில் பணம் கொடுக்க வேண்டுமே. அது வரியாக வர வேண்டும், வரி போடும் அதிகாரம் காங்கிரஸுக்கு இல்லை. 1782க்கு மாநிலங்களிடம் 80 லட்சம் டாலர் கேட்டார்கள், வருட முடிவில் வந்தது நான்கு லட்சம் சொச்சம். மாநிலங்களிடம் பணம் கேட்பது செத்தவர்களுக்குப் பிரசங்கம் செய்வது போல என்று மோரிஸ் மனம் நொந்து எழுதினார். இறக்குமதிக்கு ஐந்து சதவீதத் தீர்வை, நிலவரி, தலைவரி, மதுவரி என்று அவர் தீட்டிய திட்டம் பெரியது. தீர்வைக்கு எல்லா மாநிலமும் சம்மதிக்க வேண்டும், ரோட் தீவு என்ற மிகச் சின்ன மாநிலம் முடியாது என்றது, திட்டம் அதோடு விழுந்தது. 1783 ஜனவரியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார், அநீதிக்கு மந்திரியாக இருக்க மாட்டேன் என்ற ரீதியில். படை கலையும்போது வீரர்களுக்கு மூன்று மாதச் சம்பளம் அவர் நோட்டாகவே கொடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான நோட்டுகளில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். அவை போய்ச் சேரும் முன்பே பல வீரர்கள் வெறுங்கையோடு ஊருக்கு நடந்துவிட்டார்கள், கிடைத்தவர்களும் பசிக்கு அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். வாங்கி வைத்த தரகர்களுக்கு முழுப்பணம் கிடைத்தது. மோரிஸ் வாக்குத் தவறவில்லை, ஆனால் அந்த வாக்கின் பலன் சண்டை போட்டவன் கைக்கு வரவில்லை. 1784 நவம்பரில் பதவியை விட்டார்.

பதவியில் இருக்கும்போதே அடுத்த வியாபாரத்தைத் தொடங்கியிருந்தார். 1784 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து சீனாவின் காண்டன் துறைமுகத்துக்குக் கிளம்பிய "எம்ப்ரஸ் ஆஃப் சைனா" கப்பலில் அவர் பெரும்பங்கு. சரக்கில் முக்கியமானது ஜின்செங் வேர், ஏறக்குறைய 30 டன். அடுத்த வருடம் தேயிலையும் பீங்கானும் கொண்டு திரும்பியது, லாபம் 25 சதவீதம் அளவில். பிலடெல்பியாவிலிருந்து கிளம்பிய இன்னொரு கப்பல், "யுனைடெட் ஸ்டேட்ஸ்" என்றே அதற்குப் பெயர், 1784 டிசம்பரிலேயே நம் புதுச்சேரிக் கரையில் வந்து நின்றது. இந்தியாவுக்கு வந்த முதல் அமெரிக்கக் கப்பல் அதுதான். பிரிட்டனின் பிடி விட்டதும் அந்த ஊர் வியாபாரிகள் எவ்வளவு வேகமாகக் கடல் தாண்டினார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். 1785ல் பிரெஞ்சு அரசின் புகையிலை ஏகபோகத்துக்கு வருடம் 20,000 பெரிய பீப்பாய் வீதம் மூன்று வருடம் புகையிலை அனுப்பும் ஒப்பந்தம் மோரிஸுக்குக் கிடைத்தது. பாரிஸில் தூதராக இருந்த ஜெஃபர்சன் இதை வெறுத்தார், வர்ஜீனியா விவசாயிக்கு விலை போய்விடும் என்று எதிர்த்து வேலை செய்தார். ஜெஃபர்சன் பக்கம் நியாயம் இருந்தது.

அரசியலை வேகமாகச் சொல்லிவிடலாம். 1787 அரசியலமைப்பு மாநாட்டுக்கு வந்த வாஷிங்டன் தங்கியது மோரிஸ் வீட்டில், தலைமைப் பதவிக்கு அவர் பெயரை முன்மொழிந்ததும் மோரிஸ், அதன்பின் மாநாட்டில் அநேகமாக வாயே திறக்கவில்லை. சுதந்திரப் பிரகடனம், கூட்டமைப்பு விதிகள், அரசியலமைப்பு மூன்றிலும் கையெழுத்துள்ளவர்கள் அவரும் ரோஜர் ஷெர்மனும் மட்டுமே. 1789 முதல் 1795 வரை செனட்டர். கருவூலச் செயலர் பதவி வேண்டாம் என்றார், அது ஹாமில்டனுக்குப் போனது, ஹாமில்டன் செய்ததில் பாதி மோரிஸ் 1782ல் எழுதி வைத்ததுதான். தலைநகர் பிலடெல்பியாவுக்கு வந்தபோது தன் வீட்டையே ஜனாதிபதிக்கு விட்டுக்கொடுத்தார்.

இனி நிலம். அவர் கணக்கு எளிமையானது: ஐரோப்பாவில் சண்டை, சனம் அமெரிக்காவுக்கு வந்து குவியும், நிலம் விலை ஏறும். முதல் ஆட்டத்தில் ஜெயித்தார், அதுதான் கெடுதலாகப் போயிற்று. மேற்கு நியூயார்க்கில் பெரும்பரப்பை வாங்கி லண்டன்காரர்களுக்குப் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் விற்றார், பிறகு டச்சுக்காரர்களுக்கு 33 லட்சம் ஏக்கர். இந்த நிலம் யாருடையது? செனிகா பூர்வகுடிகள் அதில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர் வாங்கி விற்றது அவர்களிடமிருந்து வாங்கும் உரிமையை மட்டுமே. 1797ல் பிக் ட்ரீ என்ற இடத்தில் அவர் மகன் தாமஸ் பேரம் பேசி ஒரு லட்சம் டாலருக்கு முடித்தார். தலைவர் ரெட் ஜாக்கெட் பேச்சை முறித்த பிறகு குலப் பெண்களிடம் தனியே பேசிச் சம்மதம் வாங்கினார்கள். ஒரு லட்சம் டாலரில் ஒரு இனத்தின் நிலமே கைமாறியது.

ஜெயித்த தெம்பில் மோரிஸ் எங்கெங்கோ வாங்கினார். ஜான் நிக்கல்சன், ஜேம்ஸ் கிரீன்லீஃப் இருவரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, புதிதாகத் திட்டமிட்ட வாஷிங்டன் நகரில் 6,000 மனைகளைத் தலா 80 டாலருக்குத் தவணையில் எடுத்தார், வருடம் இருபது செங்கல் வீடு கட்டித் தருவதாக ஒப்பந்தம். 1795ல் 60 லட்சம் ஏக்கரோடு நிலக் கம்பெனி ஒன்று தொடங்கி, பங்குக்கு ஆறு சதவீத லாபம் உறுதி என்றார்கள். எல்லாம் கடன். ஹாலந்திலிருந்து வரவேண்டிய பெரிய கடனை நம்பி இறங்கினார்கள், 1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படை ஹாலந்துக்குள் நுழைந்தது, அந்த வழி அடைத்துக்கொண்டது. அதற்குப்பின் நடந்தது படிக்கவே வேதனை. மோரிஸ் நோட்டு எழுதுவார், நிக்கல்சன் ஜாமீன் கையெழுத்துப் போடுவார், நிக்கல்சன் எழுதுவார், மோரிஸ் போடுவார். லட்சம் லட்சமாக இப்படி வெளியே விட்டார்கள். 1782ல் முழு மதிப்புக்கு ஓடிய அதே மோரிஸ் கையெழுத்தை இப்போது தரகர்கள் டாலருக்குச் சில சென்டு என்று விற்றார்கள். 1782ல் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் பிரெஞ்சு வெள்ளியும் ஓடிக்கொண்டிருந்த வியாபாரமும் இருந்தன. இப்போது வாங்க ஆளில்லாத காடு மட்டும்தான் இருந்தது.

இந்தச் சமயத்திலும் செஸ்நட் தெருவில் வாஷிங்டன் நகருக்கு வரைபடம் போட்ட லான்ஃபான் என்ற பிரெஞ்சுக்காரரை வைத்துப் பளிங்கு மாளிகை கட்டிக்கொண்டிருந்தார். கூரை முடியவில்லை, பணம் முடிந்தது. ஊர் அதற்கு "மோரிஸின் மடமை" என்று பெயர் வைத்தது. 1797ல் ஆற்றங்கரையில் இருந்த பண்ணை வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டார். கடன்காரர்களும் கோர்ட் சேவகர்களும் தோட்டத்தில் நெருப்பு மூட்டிக் காவல் இருந்தார்கள், ஒருநாள் கடப்பாரையோடு வந்தார்கள், அவர் மாடி ஜன்னலில் துப்பாக்கியோடு நின்றார். வாரண்டு வீட்டுக்குள் செல்லாது, வெளியே கால் வைத்தால்தான் பிடிக்கலாம் என்பது அன்றைய நடைமுறை. 1798 பிப்ரவரியில் பிடிபட்டார்.

புரூன் தெருச் சிறையில் கடனாளி தன் அறைக்கு வாடகை தானே கொடுக்க வேண்டும். மனைவி மேரியும் மகளும் தினம் வந்தார்கள், கூடச் சாப்பிட்டார்கள். அந்தக் கோடையில் மஞ்சள் காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போனது, வெளியே இருந்த மகன் வில்லியம் இறந்துபோனான், அப்பா உள்ளே பிழைத்தார். காலையில் சிறை முற்றத்தில் குறிப்பிட்ட சுற்று நடப்பார், கையில் எண்ணி எடுத்துவந்த கூழாங்கற்களில் சுற்றுக்கு ஒன்றாகக் கீழே போட்டுக் கணக்கு வைத்துக்கொள்வார் என்று உடன் இருந்த நடிகர் ஒருவர் எழுதியிருக்கிறார். 1798 நவம்பரில் பிலடெல்பியாவுக்கு வந்த வாஷிங்டன் நேராகச் சிறைக்கு வந்து அவரோடு சாப்பிட்டுவிட்டுப் போனார். பழைய நண்பர்களில் பலர் வரவில்லை. நிக்கல்சன் 1800ல் சிறையிலேயே செத்தார்.

1800ல் காங்கிரஸ் முதல் திவால் சட்டத்தை இயற்றியது, வியாபாரிகளுக்கு மட்டும், அதுவும் கடன் கொடுத்தவர்கள் மனுப் போட்டால்தான். அதன்படி 1801 ஆகஸ்டில் மோரிஸ் வெளியே வந்தார். கடன் ஏறக்குறைய 30 லட்சம் டாலர். டச்சுக் கம்பெனிக்கு நிலத்தில் மேரியின் மனைவி உரிமையை விட்டுத்தர ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. பழைய உதவியாளர் கவர்னர் மோரிஸ் அதைப் பிடித்துக்கொண்டு மேரிக்கு ஆயுள் முழுக்க வருடம் 1,500 டாலர் கிடைக்கும்படி பேசி முடித்தார். புருஷனும் மனைவியும் சாப்பிட்டது அந்தப் பணத்தில்தான். 1806 மே மாதம் இறந்தார்.

இப்போது "நாடு அவருக்குத் தரவில்லை" என்ற பகுதிக்கு வருகிறேன். ரகசியக் கமிட்டி காலத்துக் கணக்கைத் தீர்த்து என் பெயரைச் சுத்தம் செய்யுங்கள் என்று செனட்டராக இருந்தபோது அவரே காங்கிரஸிடம் கேட்டார். நிதி நிர்வாகியாக இருந்த வருடங்களின் கணக்கு ஒழுங்காகவே இருந்தது. அதற்கு முந்தைய போர்க்கால ஒப்பந்தங்களின் கணக்கு 1790களின் நடுவில் ஒருவழியாக முடிந்தபோது, அரசாங்கம் அவருக்குத் தர வேண்டியது எதுவும் இல்லை, அவர்தான் அரசாங்கத்துக்கு சுமார் 93,000 டாலர் தர வேண்டும் என்று கருவூலம் முடிவு சொன்னது. அதில் பல ரசீதுகள் மூழ்கிய கப்பல்களோடும் செத்த தம்பியோடும் போனவை, முழுத் தொகையும் அவர் கையில் ஒட்டியதல்ல என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தப் பாக்கிக்கு நியூயார்க் நிலத்தை அடமானமாக எழுதிக் கொடுத்தார்.